படகில் ஏறும் முன்: மதகு, லாக், கட்டணம், ரசீது

(மதுரையில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறை விட்டால் மதுரை வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "எங்கிட்டுப் போகலாம்?" என்பதுதான். பதிலும் பெரும்பாலும் மூன்று ஊருக்குள் முடிந்துவிடும். கொடைக்கானல், தேக்கடி, கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் ஆலப்புழை. இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, கவனிச்சிருக்கீங்களா? படகு. வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. அப்படிப்பட்ட நமக்கு, தண்ணீர் நிறைந்து கிடக்கிற இடத்தைப் பார்த்துவிட்டால் அதில் ஏறி ஒரு சுற்று வராமல் மனசு ஆறாது.

அந்தப் படகுப் பயணத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். மலை, மேகம், யானை எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது படகு கடக்கிற கதவுகளைப் பற்றி, அதற்கு நாம் கட்டுகிற காசைப் பற்றி, அந்தக் காசுக்கு நாம் கேட்டு வாங்க வேண்டியவற்றைப் பற்றி.

என் வீட்டுக் கதையிலிருந்தே தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன் குடும்பமாக 14 பேர் வேன் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு ஏரிக்கரை, ஒரு படகுத்துறை. கரையில் நின்ற ஒரு தம்பி காசு வாங்கிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்தவர் என் தாய்மாமா. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிறவர்.

"எத்தனை பேருண்ணே?"

"பதினாலு பேருப்பா. அதுல ரெண்டு சின்னப்புள்ளைக."

காசை எண்ணிக் கொடுத்துவிட்டு மாமா கையை நீட்டினார். "ரசீது?"

"ரசீதெல்லாம் எதுக்குண்ணே? நான்தான் இங்க நிக்கிறேன்ல."

"இப்ப நிக்கிற. நாளைக்கு நிப்பியா?"

அடுத்து உயிர்காக்கும் உடை. அதாவது லைஃப் ஜாக்கெட். பெரியவர்களுக்கு இருந்தது. சின்னப்பிள்ளைகள் அளவுக்கு இல்லை. "மடியில வச்சுக்கங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்றார் அந்தத் தம்பி. "மடியில வச்சா மெதக்குமா?" என்று கேட்டார் மாமா. அவ்வளவுதான். காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு எல்லோரையும் வேனுக்குக் கூட்டி வந்துவிட்டார். என் அக்கா மகனுக்கு அப்போது நாலு வயசு. வழி நெடுக அழுதுகொண்டே வந்தான். எனக்கும் கோபம்தான். "மாமா, ஒரு துண்டுச்சீட்டுக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னார்: "சீட்டு காசுக்கு இல்ல மாப்ள. நாம இந்தப் படகுல ஏறுனோம்ங்கிறதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

அந்த வார்த்தையின் கனம் எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இந்த வேலைக்கு வந்து, நீர்வழிகள் பற்றியும் படகு விபத்துகள் பற்றியும் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

கண்மாய் மடையும் கால்வாய் லாக்கும்

முதலில் கதவு. ஆறும் கால்வாயும் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. ஒரு பக்கம் தண்ணீர் உயரத்தில் நிற்கும். மறு பக்கம் தாழ்வாக இருக்கும். படகை எப்படி மேலே ஏற்றுவது, கீழே இறக்குவது? இதற்காக மனிதர்கள் கண்டுபிடித்ததுதான் லாக். தமிழில் நீர்ப்பூட்டு என்று எழுதுகிறோம்.

நம் ஊர்க் கண்மாய் மடையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும், அடைத்தால் நிற்கும். இப்போது ஒரு மடைக்குப் பதிலாக இரண்டு பெரிய கதவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் படகு நிற்கிற அளவுக்கு ஒரு தொட்டி. கீழேயிருந்து வருகிற படகு தொட்டிக்குள் நுழையும். பின்னால் உள்ள கதவை மூடுவார்கள். மேல் பக்கத்திலிருந்து சின்ன மடை வழியாகத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். தொட்டியின் மட்டமும் மேல் கால்வாயின் மட்டமும் சமமானதும் முன் கதவைத் திறப்பார்கள். படகு வெளியே போகும். இறங்கும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். தண்ணீரால் ஓடுகிற ஒரு லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. இரண்டு, மட்டம் சமமாகும் முன் கதவைத் திறக்க அவசரப்படக் கூடாது. தண்ணீரின் அழுத்தமே கதவை விடாது. மூன்று, ஒவ்வொரு முறை படகு கடக்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போய்விடும். இந்த மூன்றாவதைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்க. கட்டணக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

மதுரைக்கு மிக அருகில் இப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குப் போகலாம். குட்டநாட்டு வயல்களுக்குள் கடல் உப்பு ஏறாமல் இருக்கக் கட்டியது அது. வறட்சி மாதங்களில் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். அப்போதும் படகுகள் போய்வர லாக் வைத்திருக்கிறார்கள். நெல்லுக்கு மூடவும் வேண்டும், படகுக்குத் திறக்கவும் வேண்டும். விவசாயிக்கும் மீனவருக்கும் நடுவில் நிற்கிற கதவு அது.

தமிழ்நாட்டில் லாக் இருந்ததா?

இருந்தது. சென்னையில் கோட்டூர்புரம் பக்கம் லாக் தெரு என்று ஒரு தெரு உண்டு. சேப்பாக்கம் பக்கம் லாக் நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. பூட்டுக் கடை எதுவும் அங்கே இருந்ததால் வந்த பெயர் இல்லை. பக்கிங்காம் கால்வாயின் லாக் இருந்ததால் வந்த பெயர்.

1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்கு இந்தக் கால்வாய் முதலில் வெட்டப்பட்டது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் காசு போட்டு வெட்டினார். அதனால் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். போட்ட காசை எப்படி எடுப்பது? போகிற வருகிற தோணிகளிடம் சுங்கம் வசூலித்துத்தான். இன்றைக்கு நாற்கரச் சாலையில் நாம் கட்டுகிற டோல் மாதிரி. 1837-இல் அரசே கால்வாயை எடுத்துக்கொண்டது.

பிறகு கால்வாய் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக மக்களைக் கொண்டு கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதியை வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் தமிழ்நாட்டில் சுமார் 160 கிலோமீட்டர்.

கடலோரத்தை ஒட்டியே போகிற கால்வாய். வழியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு என்று ஆறுகளைக் கடக்க வேண்டும். கடல் ஏற்றவற்றத்தில் ஆற்று மட்டம் மாறும்போது கால்வாய்த் தண்ணீர் வடிந்துவிடாமல் தடுக்க லாக்குகள் தேவைப்பட்டன. விறகு, கரி, உப்பு, நெல், காய்கறி எல்லாம் தோணியில் சென்னைக்கு வந்தன. படகுகளுக்கும் துறைகளுக்கும் கட்டண விதி வைக்க 1890-இல் கால்வாய்கள் மற்றும் பொதுப் படகுத்துறைகள் சட்டம் என்றே ஒரு தனிச் சட்டம் வந்தது.

அந்த லாக்குகள் என்ன ஆயின? ரயில் வந்தது. லாரி வந்தது. தோணியில் வந்த சரக்கு குறைந்தது. சரக்கு குறையக் குறைய, கால்வாயைத் தூர்வாரிக் கதவுகளைப் பழுதுபார்த்து வைக்க வேண்டிய கட்டாயமும் குறைந்தது. 1965, 1966 புயல்களில் பலத்த சேதம். நகரத்துக்குள் கால்வாய் கழிவுநீர் வாங்கியது. பிறகு பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே இறங்கின. 2008-இல் இந்தக் கால்வாயை உள்ளடக்கிய தடம் தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்டது. ஆனால் கோட்டூர்புரத்தில் தெருப் பெயர்ப்பலகையில்தான் லாக் இருக்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கட்டணமும் பராமரிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. தண்ணீர் வழி ஒன்று உயிரோடு இருக்க வேண்டுமானால் யாராவது காசு கட்ட வேண்டும். கட்டிய காசு அந்தத் தண்ணீருக்கே திரும்பி வருகிறதா என்று யாராவது கேட்கவும் வேண்டும்.

கட்டணம் எதற்கு?

உலகத்தில் பெரிய லாக்குகள் பனாமா கால்வாயில் இருக்கின்றன. 1914-இல் திறக்கப்பட்டது. கப்பலைக் கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரிக்கு ஏற்றி, மறுபக்கம் இறக்கிவிடுகிறார்கள். 1928-இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற அமெரிக்கர் அந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். அவரிடமும் கட்டணம் வாங்கினார்கள். கப்பலைப் போலவே அவர் எடையைக் கணக்குப் போட்டு 36 சென்ட். சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? ஆனால் கணக்கு நியாயமானது. கதவு திறந்தால் தண்ணீர் போகும். யாருக்காகத் திறந்தாலும் போகும்.

பழைய லாக்குகள் வழியாக ஒரு கப்பல் கடந்தால் சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. அந்த ஏரித் தண்ணீரைத்தான் பனாமா நகர மக்கள் குடிக்கவும் செய்கிறார்கள். 2023-இல் மழை பொய்த்து ஏரி வற்றியபோது கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதாயிற்று. கப்பலுக்கா, குடத்துக்கா என்ற கேள்வி.

இந்தக் கேள்வி மதுரைக்குப் புதிதா? பேரணையில் பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிறது. கள்ளந்திரி வரை இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயில் 19,439 ஏக்கர். வைகை அணையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். இந்தப் பக்கம் சில நாள், அந்தப் பக்கம் சில நாள். மதுரைக்குக் குடிநீரும் அதிலிருந்துதான். ஷட்டர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது நம் மாமா, சித்தப்பாக்களின் அன்றாடப் பேச்சு.

கட்டணமும் நமக்குப் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணைக்காக 1886-இல் போட்ட ஒப்பந்தத்தில் 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகை. 1970-இல் அது ஏக்கருக்கு 30 ரூபாயானது. தேக்கடியில் நாம் படகு விடுவது அந்த அணை தேக்கிய தண்ணீரின் மேல்தான். அதே தண்ணீர்தான் சுரங்கம் வழியாக இறங்கி, சுருளியாற்றில் சேர்ந்து, வைகை அணைக்கு வந்து, நம் வயலுக்கும் குழாய்க்கும் போகிறது.

கிராமத்துக் கணக்கு இன்னும் எளிமையானது. கண்மாய் மடையைத் திறந்து அடைத்து, கடைமடை வரை தண்ணீர் போகிறதா என்று பார்க்க நீர்பாய்ச்சி இருப்பார். சம்பளம் மாதச் சம்பளம் அல்ல. அறுவடையில் களத்திலேயே ஒவ்வொரு விவசாயியும் நெல் அளப்பார். என் மாமா சொல்வார்: "நெல்லு அளந்தவன் கேள்வி கேக்கலாம். நீர்பாய்ச்சி பதில் சொல்லணும்." படகுத்துறையில் அவர் கையை நீட்டி ரசீது கேட்டது இந்தப் பழக்கத்தில்தான். எனக்குத்தான் அது அன்றைக்கு வம்பாகத் தெரிந்தது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

2009 செப்டம்பர் 30. தேக்கடியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். சுற்றுலா வந்தவர்கள். தமிழ்நாட்டவர்களும் அதில் உண்டு. கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்று செய்திகள் சொல்லின. 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தின் தானூரில் இன்னொரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள்.

படகு கவிழ்ந்தால் மீட்க வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேர் இருந்தாங்க?" டிக்கெட்டுக் கட்டில் அந்த எண் இருந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரியும். இல்லையென்றால்? மடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை யார் எண்ணுவது? மாமா 'சாட்சி' என்று சொன்னது இதைத்தான்.

ஏறும் முன் என்ன செய்யலாம்?

இனி நேராக உங்களுக்கே. அடுத்த முறை கிளம்பும்போது இவற்றை மனசில் வையுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டியது: கொடைக்கானல், ஊட்டிக்கு வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. இ-பாஸுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டு வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளம்பும் முன் அரசு இணையதளத்தில் அன்றைய நடைமுறையைப் பாருங்கள். செல்போன் பழக்கமில்லாத தாத்தா, பாட்டிக்கு நீங்கள்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

இடையில் ஒரு தகவல். கொடைக்கானல் ஏரியே ஒரு மதுரைக் கலெக்டர் உருவாக்கியதுதான். 1863-இல் வியர் ஹென்றி லெவிஞ்சு கரை கட்டித் தண்ணீரைத் தேக்கினார். முதல் படகும் தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்தது. ஆகவே அங்கே போகும்போது கொஞ்சம் உரிமையோடேயே போகலாம்.

படகுத்துறையில் பார்க்க வேண்டியது: முதலில் கட்டணப் பலகை. நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், கேமரா கட்டணம், படகுக் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கலாம். சில இடங்களில் மிதிபடகு, துடுப்புப் படகுகளுக்கு முன்பணம் வாங்கித் திருப்பித் தருவார்கள். எது திரும்ப வரும், எது வராது என்று ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நேரக் கணக்கும் கேளுங்கள். அரை மணி என்றால் கரையை விட்ட நேரத்திலிருந்தா, சீட்டு வாங்கிய நேரத்திலிருந்தா? பின்னால் வருகிற சண்டை பாதி இதில்தான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் முட்டுக்காடு, பிச்சாவரம், கொடைக்கானல், ஊட்டி போன்ற படகு இல்லங்களில் கவுன்ட்டரில் மட்டும் காசு கொடுங்கள். வழியில் நிற்பவர்களிடம் வேண்டாம்.

அடுத்து ரசீது. எத்தனை பேர் ஏறுகிறீர்களோ அத்தனை பேரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். "புள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்" என்று சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். காசு வேண்டாம் என்றாலும் கணக்கில் பிள்ளை இருக்க வேண்டும்.

அடுத்து படகு. உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்கு 1917-இல் வந்த பழைய சட்டத்தை மாற்றி 2021-இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சோதனைச் சான்று, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றை அது கேட்கிறது. நீங்கள் சட்டம் படிக்க வேண்டியதில்லை. படகில் பதிவு எண் எழுதியிருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கிறதா, இந்த இரண்டைப் பாருங்கள். அந்த எண்ணுக்கு மேல் ஒருவர் ஏறினாலும் இறங்கிவிடுங்கள். அந்த ஒருவர் நம் சொந்தக்காரராக இருந்தாலும்தான்.

உயிர்காக்கும் உடையைக் கையில் வைத்திருப்பது போடுவது ஆகாது. கொக்கியை மாட்டி, பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பெரியவர் அளவை மாட்டினால் தண்ணீரில் தலைவழியே உருவிக்கொண்டு போய்விடும். அவர்கள் அளவில் இருக்க வேண்டும். செல்ஃபிக்காகக் கழற்றுவதும், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போவதும் வேண்டாம். 2009-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

லாக் உள்ள நீர்வழியில் போனால்: தொட்டிக்குள் இருக்கும்போது உட்கார்ந்தே இருங்கள். சுவருக்கும் படகுக்கும் நடுவில் கையோ காலோ வைக்காதீர்கள். கரைக் கயிற்றைக் கையில் பிடிக்கலாம். இறுக்கி முடிச்சுப் போடக் கூடாது. தண்ணீர் இறங்கும்போது முடிச்சுப் போட்ட படகு கயிற்றிலேயே தொங்கிவிடும். உங்களில் சிலர் நாளைக்கு இங்கிலாந்துக்குப் படிக்கப் போகலாம். அங்கே பல லாக்குகளுக்கு ஆள் கிடையாது. பயணிகளே கைப்பிடி போட்டுச் சுற்றித் திறந்து மூட வேண்டும். கால்வாய்களைப் பார்த்துக்கொள்கிற அறக்கட்டளையிடம் படகுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். வாடகைப் படகு என்றால் பெரும்பாலும் வாடகையிலேயே அது அடங்கிவிடும். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி இதேதான்: இந்தத் தொகையில் என்னென்ன சேர்த்தி?

ஊருக்குள்ளேயும் ஒரு எச்சரிக்கை. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இந்த அறிவிப்பு வந்த பிறகு தரைப்பாலத்தில் வண்டி ஓட்டுவது, ஆற்றுக்குள் இறங்கிப் படம் எடுப்பது எதுவும் வேண்டாம். ஷட்டர் ஏறினால் தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது.

தப்பு நடந்தால்?

அதிகக் கட்டணம், ரசீது மறுப்பு போன்றவற்றுக்கு நம் மாநிலத்தில் முதல்வரின் முகவரி உதவி எண் 1100 இருக்கிறது. நாட்டின் எந்த ஊரிலிருந்தும் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசலாம். ஆபத்து என்றால் 112, மருத்துவ அவசரம் என்றால் 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. புகார் சொல்லும்போது இடம், நேரம், படகு எண், ரசீதின் படம் நான்கும் கையில் இருந்தால் போதும்.

பொது அமைப்பு வசூலிக்கிற கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்று தெரிய வேண்டுமா? தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்களில் இதழியல் படிக்கிறவர்கள் இருந்தால், முதல் செய்திக்கு இது நல்ல தொடக்கம்.

கேட்கும்போது குரலை உயர்த்தத் தேவையில்லை. கவுன்ட்டரில் நிற்கிறவரும் யாரோ வீட்டுப் பிள்ளைதான். "தம்பி, ரசீது கொடுங்க. புள்ளைக்கு ஜாக்கெட் இருக்கா?" இவ்வளவு போதும். கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பின்னால் நிற்கிற பத்துப் பேர் நம்மை முறைப்பார்கள். ஆனால் நாம் கேட்டு ஒரு தடவை சின்ன ஜாக்கெட் வெளியே வந்துவிட்டால், அடுத்த படகில் ஏறுகிற பிள்ளைக்கும் அது இருக்கும்.

போன வருஷம் மறுபடி எல்லோரும் கிளம்பினோம். இந்த முறை கொடைக்கானல். கவுன்ட்டரில் நான்தான் நின்றேன். சீட்டை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அன்றைக்கு அழுதுகொண்டே வந்த அக்கா மகன் பக்கத்தில் நிற்கிறான். அவன் அளவுக்கு ஜாக்கெட் போட்டு, பட்டையை மாமா இழுத்துக் கட்டியிருந்தார். "என் பேருக்கு டிக்கெட் எங்க மாமா?" என்று கேட்டான். கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் படகில் ஏறினான்.

நீங்களும் கேட்டு வாங்குங்கள். பயணம் நல்லபடியாக அமையட்டும்.